ஏழாவது விதி

ஒப்பந்தத்தின் ஏழாவது விதி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

ஆகவே நான்கு மாதம்
எங்கள் கடிகாரம் தரையில் உட்கார்ந்திருந்தது.
மணி பார்க்க ஜூலா குனிவான்.
இருபத்தாறு வருடம் கொதிகலன்களுக்குள் தலைவிட்ட முதுகு
நேரம் தெரிந்துகொள்ளவும் வளைந்தது.

கடன் வாங்கியது ஸ்விஸ் ஃப்ராங்கில்.
அந்த நாட்டை நாங்கள் பார்த்ததில்லை,
அதன் பணத்தாளைத் தொட்டதுகூட இல்லை.
வங்கியில் அந்தப் பெண் காப்பி கொடுத்தாள்,
கூடவே ஒரு சின்னச் சாக்லெட்.
எங்கோ ஓர் எண் ஏறியது;
மிஷ்கோல்ட்ஸில் எங்கள் சமையலறை சுருங்கியது.
பதினோரு வருடம் கட்டி
வாங்கியதைவிட அதிகம் பாக்கி வைத்திருந்தோம்.
இதை அக்காவுக்கு விளக்கினேன்.
"நீங்கள்தான் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும்" என்றாள்.
அதன் பிறகு யாருக்கும் விளக்குவதில்லை.

நான் டிராம் ஓட்டுகிறேன்.
முதலாம் எண். ஒரு ஷிப்டில் ஆறு முறை
பழைய தெருவின் முனையைத் தாண்டியாக வேண்டும்.
இன்று வேறு வழி என்று
பஸ்காரன் வேண்டுமானால் திருப்பிக்கொண்டு போகலாம்.
தண்டவாளத்துக்கு என் வருத்தம் தெரியாது.
முதல் வாரம் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டேன்.
ஒரு சைக்கிள்காரன் மயிரிழையில் தப்பினான்.
இப்போது நேராகப் பார்க்கிறேன்.
வேலியை எடுத்துவிட்டார்கள்.
புளிப்புச் செர்ரி மரம் இருக்கிறது.
திரைச்சீலை, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பச்சை.
பார்த்து முடிப்பதற்குள்
ஏறுகிறவர்கள் ஏறிவிடுகிறார்கள்,
கதவை மூடுகிறேன்.

நவம்பரில் ஓர் இரவு
குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது.
ஜூலா போர்வையை உதறி எழுந்தான்.
எந்தப் பெட்டியில் எது என்று
எனக்கு இன்னும் பிடிபடாத வீட்டில்
இருட்டிலேயே ஸ்பேனரைக் கண்டுபிடித்தான்,
மண்டியிட்டான்,
அப்படியே நின்றுவிட்டான்.
"இபோயா" என்றான்,
"இது நம்முடைய கசிவு இல்லை."

வீட்டுக்காரர் ஸான்தோவுக்குப் போன் போட்டோம்.
மணி இரண்டே கால்
(குனிந்துதான் பார்த்தான்).
அவர் குழாயைத் திட்டினார், கட்டடத்தைத் திட்டினார்,
இந்தச் சனியனைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போன
செத்துப்போன தம்பியைத் திட்டினார்.
பக்கெட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்,
நடுவில் போனை வைத்துக்
கேட்டுக்கொண்டிருந்தோம்.
சிரிப்பு எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது.
சொந்தக்காரனின் குரல் வெளியிலிருந்து கேட்க
இப்படித்தான் இருக்கும் போல.
ஒவ்வொரு பனிக்காலமும் நாங்களும்
கூரையைப் பார்த்து இப்படித்தான் கத்தியிருப்போம்.

விடிந்ததும் ஜூலாதான் சரிசெய்தான்.
எட்டாயிரம் ஃபோரின்ட்,
வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார் ஸான்தோ.
அந்த வீடு எங்களுக்கு
ஒருநாளும் ஒரு காசு கொடுத்ததில்லை.
இதை நன்மை என்று சொல்ல வரவில்லை.
சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

லிஃப்டில் ஒருநாள் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன்.
மூன்றாம் மாடி பிரோஷ்கா
என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
"பற்பசை" என்றாள்.
"வெள்ளைப் பற்பசை. காலி செய்கிற அன்றைக்கு
ஓட்டையில் அப்பிவிட்டு விரலால் தேய்.
இந்தக் கட்டடமே அதில்தான் நிற்கிறது."

ஞாயிறு மதியம் காத்திருந்தோம்.
மேல்வீட்டில் யாரோ இறைச்சி தட்டத் தொடங்கினார்கள்.
அந்தத் தட்டலுக்குள் எங்கள் தட்டலை ஒளித்து
ஆணி அடித்தோம்,
நான் ஆணியைப் பிடிக்க,
அவன் என் விரலையும் இரண்டு முறை அடிக்க.

கடிகாரம் கொஞ்சம் கோணல்.
இன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே ஜூலா
காலியான தரையைப் பார்த்துக் கேட்டான்,
மணி என்ன ஆகிறது என்று.